ஒன்றும் நடக்காத இடம்

முதலில் ஒன்பது புள்ளிகள்.
திரையில் ஒவ்வொன்றாய் வரும், பார்க்க வேண்டும், மறையும்.
ஏழாவதில் மாசிலாமணி இமைத்துவிட்டார்.
மறுபடி ஒன்றிலிருந்து.

கூத்தப்பாக்கம், இரண்டாவது குறுக்குத் தெரு.
மின்விசிறி இரண்டில் சுற்றுகிறது.
மூன்றில் வைத்தால் கண் காய்ந்து
கருவி அவரைத் தொலைத்துவிடும் என்று
ஆதிலட்சுமி கண்டுபிடித்திருந்தார்.
எங்கள் கையேட்டில் அது இல்லை.

இருபத்தாறு வருஷம்
கடலூர் – புதுச்சேரி நடத்துநர்.
ரெட்டிச்சாவடி வருவதற்குள்
அறுபது தலையில் சீட்டு வாங்காத ஒன்றைப்
பின்படியில் நின்றே பிடிக்கிற கண்.
விரல், தோள், நாக்கு என்று
நோய் ஒவ்வொன்றாய் இறக்கிவிட்டது.
கண் இரண்டுக்கும் மட்டும்
கடைசி நிறுத்தம் வரை சீட்டு இருக்கிறது போல.

பக்கம் நான் செய்தது.
ஓய்வூதியர் ஆண்டுக்கொருமுறை
சாகவில்லை என்று
தானே வந்து சொல்ல வேண்டிய பக்கம்.
‘நான் உயிருடன் இருக்கிறேன்’.
அருகில் கடுகளவு கட்டம்.
அரை விரல் தள்ளி, ‘ரத்து செய்’.
நெருக்கமாய் இருந்தால் அழகு என்று
வைத்தவள் நான்தான்.

ஒரு விநாடி பார்த்தால் அழுத்தியதாகக் கணக்கு.
கண் வைக்காதே என்று ஊரே சொல்லும்;
இங்கே கண் வைத்தால் உடனே பலிக்கும்.
ஆனால் கண் ஆணி இல்லை.
உற்றுப் பார்க்கும்போதும் அது
கெடிலத்தில் கட்டிப்போட்ட தோணி மாதிரி
மெல்ல ஆடிக்கொண்டே இருக்கிறது.

முதல் முறை, ரத்து.
இரண்டாம் முறை
‘உங்களுக்கு உதவட்டுமா?’ என்று
மூலையில் ஒரு சிரித்த முகம் துள்ளியது.
கண் அங்கே ஓட, அது வாய் திறந்தது,
மூட வழி தெரியவில்லை.
மூன்றாம் முறை, ரத்து.
நான்காவதில்
‘உங்கள் நேரம் முடிந்தது’ என்றது பக்கம்,
உயிரோடிருந்த மனிதரிடம்.

கண் போன தடத்தை எடுத்துப் பார்த்தேன்.
சிவப்புப் புள்ளிகள், கோடுகள்,
இடையிடையே ஒன்றுமில்லை.
நாலு விநாடி. ஆறு விநாடி.
கருவிக் கோளாறு என்று குறித்துக்கொண்டேன்.

“கோளாறு இல்லம்மா. ஜன்னலைப் பாக்குறாரு.
திரையில எதைப் பாத்தாலும் ஏதாவது ஆயிடுது.
அங்க பாத்தா ஒண்ணும் ஆகாது.”

ஜன்னலில் பெரிதாய் எதுவுமில்லை.
எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் கறுப்பு முதுகு,
போன புயலுக்குப் போட்டு
இன்னும் எடுக்காத நீலத் தார்ப்பாய்.

அன்றிரவு பக்கத்தைப் பிரித்துப் போட்டேன்.
கட்டம் உள்ளங்கை அகலமானது.
‘ரத்து’ பக்கத்தின் அடியில் போய்த் தனியாய் நின்றது.
சிரித்த முகத்தை அழித்தேன், நேரக் கெடுவையும்.
வலது பக்கம் கொஞ்சம்
வெறுமனே விட்டேன்.

“அந்தக் காலி எதுக்கு?” என்றார் மேலாளர்.
“ஏதாவது அறிவிப்பு போடலாமே.”
“அது நிறுத்தம் சார்.”
எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் தெரியாது.

வியாழக்கிழமை.
ஒன்பது புள்ளியும் ஒரே தடவையில்.
கட்டம் நிறைந்து பச்சையானது.
இந்த ஆண்டுக்கு அவர் உயிருடன் இருக்கிறார்.

அதன் பிறகும் பக்கத்தை மூடவில்லை.
காலியிடத்தில் கண்ணை இறக்கி வைத்துவிட்டு
நாற்பது விநாடி சும்மா இருந்தார்.
என்னிடம் பதிவு இருக்கிறது.

பிறகு எழுத்துப் பலகைக்குப் போனார்.
ஒவ்வொரு எழுத்தாய், இமைத்து, ஓய்ந்து,
மூன்று நிமிஷம்.
நன்றி என்று வரப்போகிறது என
முகத்தைத் தயாராய் வைத்துக்கொண்டேன்.

முகவரிப் பட்டியலில் நான்
‘கூத்தபாக்கம்’ என்று அடித்திருந்தேன்.

திரையில் வந்தது:
ஒரு ப் ஏறல.